தடம் விலகாத கலியாணக் கார்

அந்த ஆடி மாதம் முழுவதும் எங்கள் கலியாணக் காரின் பின்சீற் விறாந்தையில் கிடந்தது. அம்மா அதில் சாய்ந்திருந்துதான் தொலைக்காட்சி பார்த்தார். வீட்டில் இருந்த கதிரைகளை எல்லாம்விட அதுவே சொகுசானது என்று அப்போதுதான் தெரிந்தது. காரின் மற்றப் பாகங்கள் மாமரத்தின் கீழே பரவிக் கிடந்தன.

எல்லாவற்றுக்கும் காரணம் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பா. அவரைப் போலவே வெளிநாட்டிலிருந்து வந்த சிலர், வடமராட்சிக் கிழக்கின் மணல்மேடுகளில் ஒரு கார்ப் பந்தயம் வைக்கப்போகிறார்களாம். பாலைவனத்தில் ஓடுவது மாதிரியே இருக்குமாம். ஜீப்பும் பிக்கப்பும் நிறைய வரும், எங்களுடையது மாதிரி ஒன்று வராது என்றார் சித்தப்பா. அது உண்மைதான். எந்தக் காலத்திலோ இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய நீளமான கறுப்புச் சலூன் அது. கதவுகளின் உட்புறம் மினுக்கிய பலகை, சீற்றுக்கு உண்மையான தோல். கொடிகாமத்துப் பக்கம் அதில் ஏறாமல் கலியாணம் முடித்த பெண்கள் குறைவு. ஆடியில் கலியாணம் இல்லையென்பதால் அது சும்மாதான் நின்றது.

அப்பா மறுப்பார் என்று நானும் அம்மாவும் நம்பியிருந்தோம். அவரோ காரை ஒருதரம் சுற்றிவந்து, அடியில் பாரம் தாங்குகிற வில்லுத்தகடு மாற்ற வேண்டும் என்றார். அவருக்குள் இப்படி ஓர் ஆசை இருந்தது அவருக்கே அன்றுவரை தெரிந்திருக்காது. லொறியின் வில்லுத்தகடுகளைப் பூட்டிக் காரை உயர்த்தினார். பெரிய சில்லுகள் உரசாதபடி மட்காட்டை வெட்டினார். வயிற்றுப் பக்கத்துக்குத் தார்ப் பீப்பாத் தகடு அடித்தார். புகைக்குழாயைப் பக்கவாட்டில் ஏற்றிக் கூரைக்கு மேலே கொண்டுபோனார். முயல்கூட்டின் கம்பிவலை ரேடியேற்றருக்கு முன்னால் போனது. முயல்கள் குசினிக்குள், அடுப்படிக்கு வந்தன. அதற்கு மட்டும் அம்மா வாய் திறந்தார்.

தானே ஓட்டுவது என்பதுதான் சித்தப்பாவின் திட்டம். ஆனால் ஸ்டியரிங்கோடு இருந்த கியர் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை. ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்தவர் வேலியோடு அணைத்துவிட்டு இறங்கினார். சரி, பக்கத்தில் இருக்கிறேன் என்றார். கழற்றின பின்சீற்றின் பாரத்தைத் திருப்பி ஏற்றுகிற மாதிரி ஆகிவிடும் என்று அப்பா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்படித்தான் பத்து வயதில் எனக்கு அந்த முன்சீற் கிடைத்தது. நாங்கள்தான் வெல்வோம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

பந்தயத்தன்று காலை சித்தப்பா சொன்னது ஒன்றுதான். "அண்ணை, முன்னாலை போறவன்ரை தடத்துக்குள்ளை விடாதேங்கோ. கிண்டின மணல் புதையும். புதுமணலாலை விடுங்கோ." அப்பா தலையாட்டினார். சித்தப்பா ஒரு மேட்டில் ஏறி, லண்டன் சொந்தக்காரருக்குக் காட்டுவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

எங்கள் கார் உறுமிக்கொண்டு புறப்பட, சனம் விசிலடித்தது. முதல் மேட்டில் ஏறி இறங்கியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா முன்னால் போன ஜீப்பின் தடத்துக்குள் ஓடினார். தொடக்கத்துக்குத்தான் அப்படி என்று நினைத்தேன். பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கத்தாலும் புதுமணலில் எங்களைத் தாண்டிக் கைகாட்டிப் போனார்கள். அப்பாவின் கண் அந்த இரண்டு கோட்டை விட்டு எடுபடவில்லை. திருப்பச் சொல்லி நான் கெஞ்சியது அவருக்குக் கேட்கவேயில்லை. கடைசியில் தார்ப் பீப்பாத் தகடு மணலில் உரச, சில்லுகள் தோண்டித் தோண்டிப் புதைந்து கார் நின்றுவிட்டது.

நான் கதவைத் திறந்து குதிக்கப் போனேன். அப்பா கையை எட்டிப் பிடித்தார்.

"காலைக் கீழை வைக்காதை."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தானே தன் பக்கத்தால் சில்லுத் தடத்துக்குள் இறங்கி, முதுகைக் காட்டி என்னை ஏறச் சொன்னார். ஏறினேன். தடத்தை விட்டு ஓர் அடி விலகாமல், வந்த வழியே தொடங்கிய இடம்வரை என்னைச் சுமந்துகொண்டு நடந்தார். அவருடைய சேட் நனைந்து என்னோடு ஒட்டியது. என் வகுப்புப் பையன்கள் இரண்டுபேர் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. சித்தப்பா மணலுக்குக் குறுக்கே ஓடிவந்து, லண்டன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கத்தினார். அப்பா என்னை முதுகிலிருந்து இறக்கிவிட்டார்.

காரை ட்ராக்டர் கட்டி இழுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது, சண்டைக் காலத்தில் மண்ணுக்குள் புதைத்த மிதிவெடிக்கு அப்பா பயந்திருக்கிறார். அந்த விசயத்தில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் கிட்டப் போகக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். அந்தப் பலகையை வரைந்து பரிசும் வாங்கியிருந்தேன்.

"அங்கை பலகை ஒண்டும் இல்லையப்பா. நான் வடிவாப் பாத்தனான்."

"ஓம் பிள்ளை. பலகை இல்லைத்தான்."

ஒப்புக்கொண்டுவிட்டார், அப்படியென்றால் பிழை அவருடையதுதான் என்று முடிவுகட்டி, இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

ஆவணி பிறக்க முதல் பின்சீற் காருக்குத் திரும்பிப் போனது. அம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். வில்லுத்தகடுகளை மாற்றுவதற்கு நேரம் கிடைக்காததால், அந்த வருசத்து மணப்பெண்கள் முக்காலி வைத்து ஏறினார்கள்.

நான் வளர்ந்த பிறகு அம்மா சொன்னார். சண்டையில் இடம்பெயர்ந்த சனம் கொடிகாமத்துக்குத் திரும்பிய முதல் நாட்களில், அதே காரில்தான் அவரும் அப்பாவும் வந்தார்களாம். வழியில் எங்கேயும் ஒரு பலகை இல்லை. முன்னால் ஒரு ட்ராக்டர் போனது. அதை முந்துவதற்காக ஒரு சைக்கிள்காரர் தடத்தை விட்டுப் புல்லில் இறங்கினார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு, வீடு வந்து சேரும்வரை அப்பா அந்த ட்ராக்டரின் தடத்தை விடவில்லை. அன்றும் முன்சீற்றில்தான் இருந்தேன், அம்மாவின் வயிற்றுக்குள்.

பலகை இருந்தால் வெடி இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. பத்து வயதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பா பயந்தது பலகை இல்லாத நிலத்துக்கு.