பவளாயி திறந்த கதவு

மில்லில் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் ரீலிங் டிபார்ட்மெண்ட் பெண்கள் தூக்குப்போசிகளோடு தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். அந்த ஆடி மாதம் முழுக்க அங்கே பிணங்களைப் பற்றித்தான் பேச்சு.

காந்திபுரத்தில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. கொள்ளைநோயில் செத்த ஓர் ஊரே மண்ணை விலக்கிக்கொண்டு எழுந்து, உயிரோடிருக்கும் சொந்தக்காரர்களைத் தேடி வருகிற கதை. சனிக்கிழமைக்கு ஒரு பாகம். நாடகம் அப்படியொன்றும் மேலானதல்ல. முகத்தில் சாம்பல் பூசிய ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு நடந்தார்கள். பாதி வசனம் ஆர்மோனியத்தில் அமுங்கிப்போனது. ஆனாலும் பார்த்தவர்களைச் சும்மா இருக்கவிடாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க,” என்றாள் காளியாத்தாள். “செத்தவங்க கால் பெருவெரலைச் சேத்துக் கட்டித்தான காட்டுக்குத் தூக்கறோம்? கட்டுன காலோட எப்படி நடந்து வந்தாங்களாமா?”

“காட்டுல கட்டை அவுத்துருவாங்கல்லக்கா,” என்றாள் பாத்திமுத்து. எதையும் நிதானமாகத்தான் சொல்வாள். “எங்கள்லயும் குழியில எறக்குனதும் முடிச்சை அவுத்துருவாங்க.”

“செரி, அவுத்தாச்சு. நாடகத்துல அந்தப் பண்ணைக்காரப் பண்ணாடியை ரெண்டாம் பாகத்துல எரிச்சுப்போட்டாங்களே. சாம்பல் எப்படி எந்திரிச்சு வந்துச்சு? மீசைகூடக் கருகலை.”

“அது ஒட்டு மீசைக்கா.”

“செத்ததுக ஆத்தைத் தாண்டாதுன்னு மொதப் பாகத்துல பூசாரி அடிச்சுச் சொன்னான். நாலாம் பாகத்துல பரிசல் ஏறி வருதுக. பரிசக்காரனுக்குக் கண்ணு இல்லையா?”

எல்லோரும் சிரித்தபோதும் ராமாமணி சிரிக்கவில்லை. அவளுக்கு ஆறும் பரிசலும் பொருட்டில்லை. நான்காம் பாகத்தின் கடைசியில் பவளாயி என்ற பெண், செத்துப்போன புருஷன் வாசலில் நின்று பேர் சொல்லி அழைத்ததும் கதவைத் திறந்துவிட்டாள். அதோடு திரை விழுந்தது. அந்த இடம்தான் அவளுக்கு ஒப்பவில்லை.

“அவ தெறந்திருக்க மாட்டா,” என்றாள்.

“அறிவுகெட்டவ, தெறந்துபோட்டாளே. ஊரையே கொல்லப்போறா,” என்றாள் காளியாத்தாள்.

“அவளைத் திட்டாதக்கா. எழுதுனவன் தப்பா எழுதிட்டான். செத்தன்னைக்கே தாலியை அறுத்தாங்கல்ல? அப்பறம் கூப்படறவன் அவளுக்கு என்ன மொறை? எந்த மொறையில கதவைத் தெறப்பா?”

காளியாத்தாள் தன் போசியின் மூடியைத் தேடி எடுத்தாள். ராமாமணியின் கழுத்து வெறுமையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

அவள் தாராபுரத்துப் பக்கம் பருத்தி விளைவிக்கும் ஒரு நாயுடு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான மறுவருஷம் புருஷன் ரங்கராஜ், திருப்பூர்ச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான், திரும்பவில்லை. சோலாப்பூர் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அங்கே காலரா என்று இன்னொருவர் சொன்னார். பல வருஷங்கள் இப்படியே போயின. பிறகு மாமனார் கோவிந்தராஜுலுவின் கனவில் மகன் வந்து தண்ணீர் கேட்டானாம். செத்தவர்கள்தான் கனவில் தண்ணீர் கேட்பார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகமில்லாத விஷயம். தர்ப்பையில் ஓர் ஆள் உருவம் கட்டி, அதற்கு அவன் வேட்டியைச் சுற்றி, அமராவதிக் கரையில் எரித்தார்கள். அன்றே ராமாமணியின் தாலி கழற்றப்பட்டது. உயிரோடிருப்பவனுக்குச் செய்கிறோமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அதன்பின் மூலையில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வருஷம் உட்கார்ந்தாள். பிறகு மில்லுக்குப் போகிறேன் என்று சொன்னாள். மாமனார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை; அவளும் சொன்னதை மாற்றவில்லை. கோயமுத்தூரில் ரீலில் நூலைச் சுற்றிச் சிட்டம் போடக் கற்றுக்கொண்டாள். தொழிலாளர்களுக்கு மில் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று கிடைத்தது. பக்கத்து வீடு காளியாத்தாளுடையது. சொந்தச் சாவியால் சொந்தக் கதவைத் திறக்கும்போது ஒவ்வொரு சாயங்காலமும் அவளுக்கு ஒரு சின்ன வியப்பு இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

நான்காம் பாகம் நடந்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிந்தராஜுலு பஸ் ஏறி வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

“ரங்கராஜ் வந்துட்டான், அம்மணி. முந்தாநேத்து. உசுரோட.”

ராமாமணி தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். கருமம் செய்யப்பட்டவன் திரும்பி வந்தால், அவன் மறுபடி பிறந்தவனாக வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். நெய்யில் குளிப்பாட்டி, தொட்டிலில் போட்டு, பேர் வைக்க வேண்டும். கடைசியில் அவன் பழைய பெண்டாட்டிக்கே புதிதாகத் தாலி கட்ட வேண்டும். ஆவணியில் முகூர்த்தம்.

“ஒரு வாரத்துல வேலையை உட்டு நின்னுக்கறேன்னு சொல்லிப்போட்டு வந்துரு,” என்றார்.

“அவரை இங்க வரச் சொல்லுங்க மாமா.”

“எதுக்கு?”

“தாலி இன்னொருக்காக் கட்டறதுன்னா அது கல்யாணந்தானுங்களே. கல்யாணம்னா மொதல்ல மாப்பிள்ளை ஊட்டுல இருந்து பொண்ணு கேட்டு வருவாங்க. அதுதானுங்களே வழக்கம்.”

வழக்கத்தைச் சொல்லி வாழ்ந்த மனிதர் கோவிந்தராஜுலு. சொம்பைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் மரத்தடியில் நாடகப் பேச்சு நின்றுபோய் இதுவே ஓடியது.

“மீசை வச்ச ஆளைத் தொட்டில்ல போடுவாங்களா? தாங்குமா?” என்று காளியாத்தாள் முதலில் சிரித்தாள். பிறகு ராமாமணியின் முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றினாள். “கண்ணு, போனவன் வந்திருக்கான். எத்தனை பேருக்கு இது கெடைக்கும்? எம்புருஷன் எந்திரிச்சு வந்தா நான் கதவையே பேத்து எறிஞ்சிருவேன். பூவும் பொட்டுமாப் போய் அவனோட சேந்துக்க.”

“பவளாயி தெறந்ததுக்கு அறிவுகெட்டவன்னியேக்கா.”

“அது நாடகம்டி.”

பாத்திமுத்து எலுமிச்சை ஊறுகாயை எல்லோருக்கும் வைத்தாள். “எதுக்குப் போனாரு, எதுக்கு வந்தாருன்னு அவரு வாயால கேளு. நாம ஏன் இங்க உக்காந்து முடிவு பண்ணோணும்?” என்றாள்.

அந்த வாரம் ராமாமணிக்குப் பயமாகத்தான் இருந்தது. அவளுக்கு ரங்கராஜைப் பற்றிப் பயமில்லை. தன் கையைப் பற்றித்தான் பயம். குரலைக் கேட்டதும் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விடுமோ, ஆவணியில் மறுபடி அந்தத் தாராபுரத்து வீட்டின் மூலையில், இந்தத் தடவை தாலியோடு, உட்கார்ந்திருப்போமோ என்ற பயம். வேலையை விட்டால் வீடும் போகும். திரும்பக் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. “ராமாமணி,” என்ற குரல் அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கை தாழ்ப்பாளுக்குப் போகத்தான் செய்தது. அவள் கதவை அகலத் திறந்து, இரண்டு பக்கக் கதவையும் சுவரோடு சாய்த்து வைத்தாள்.

ரங்கராஜ் இளைத்திருந்தான். காதோரம் நரை. கோவிந்தராஜுலுவின் கையில் ஒரு தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், பூ. முறைப்படித்தான் வந்திருந்தார். பாய் விரித்து இருவருக்கும் காப்பி கொடுத்தாள். மாமனார், தங்கள் வீட்டு வழக்கப்படி, தெலுங்கில் ஆரம்பித்தார். ராமாமணி தமிழில் பதில் சொன்னாள். லைன் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். பக்கத்து வாசலில் காளியாத்தாள் முறத்தில் அரிசி புடைப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க,” என்று ரங்கராஜைப் பார்த்துக் கேட்டாள். “உங்களுக்குக் கருமம் பண்ணுனது உங்களுக்குத் தெரியுமுங்களா?”

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை அவன் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

“தெரியும். நம்மூர் வண்டிக்காரன் ஒருத்தன் சோலாப்பூர்ல பாத்துச் சொன்னான். அந்த வருசமே.”

“அப்ப வரலையே?”

“வரோணும்னு நெனச்சேன். அப்பறம்...” அவன் காப்பித் தம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தான். “செத்தவனா இருக்கறது லேசா இருந்துச்சு. யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. நெலம், அப்பா, நீ, ஒண்ணுமே இல்லை.”

“இப்ப ஏன் வந்தீங்க?”

“ஒடம்பு முடியலை. தனியா இருக்க முடியலை.”

கோவிந்தராஜுலு மகனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இது புதிய சேதி என்று தெரிந்தது.

ராமாமணிக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. வாசலில் எழுந்து நின்றது ஒரு பிணம் என்றால் அஞ்சலாம், விரட்டலாம். இது களைத்துப்போன ஒரு மனிதன். இவன் லேசாக இருப்பதற்காக அவள் ஒரு வருஷம் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவன் அறிந்தே அந்த வருஷம் கழிந்தது. இதற்குமேல் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை.

“நீங்க பொறந்து பேர் வச்சுக்குங்க. ஒடம்பைப் பாத்துக்குங்க,” என்றாள். “பொண்ணு கேட்டு வந்தீங்க. எனக்குச் சம்மதமில்லீங்க.”

“நாலு பேர் என்ன சொல்லுவாங்க, அம்மணி?” என்றார் மாமனார். அதட்டலாகத் தொடங்கியது, முடியும்போது கெஞ்சலாகிவிட்டது.

“நான் மில்லுக்கு வந்தப்பவும் சொன்னாங்க மாமா. கேட்டுப் பழகிட்டேன்.”

தட்டை அவர் பக்கமாக நகர்த்தினாள். பூவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பெண் வீட்டார் தட்டை எடுத்துக்கொள்ளாவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அது அவருக்கும் தெரியும். ரங்கராஜ் மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு, “காப்பி நல்லா இருக்கு,” என்றான். அவன் சொன்னதில் கபடு எதுவும் இல்லை. இருவரும் போனார்கள். தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் தம்ளர்களைக் கழுவினாள்.

காளியாத்தாள் அவளோடு புதன்கிழமைவரை பேசவில்லை. அன்றைக்கு மரத்தடியில் அவளே ஆரம்பித்தாள்.

“கொட்டாயைப் பிரிச்சு மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோறாங்களாமா. கடைசிப் பாகத்துல பவளாயியும் செத்துட்டா. நீ பாக்க வரலை.”

“பாத்திமுத்து சொன்னா.”

“தெறந்திருக்க மாட்டா, தெறந்திருக்க மாட்டான்னு அத்தனை வாதாடுன. நீயும் தெறந்துதான உட்டே?”

ராமாமணி கொஞ்சம் யோசித்தாள். “நான் சொன்னது தப்புதாங்க்கா. பேர் சொல்லிக் கூப்புட்டா யாருக்கும் கை போகத்தான் செய்யும். தெறந்ததுல தப்பில்லை. தெறந்துபோட்டு அவ ஒரு வார்த்தை கேக்கலை பாரு, அதுதான் கதையில ஓட்டை.”

“அப்பப் பரிசல்?”

“பரிசல் சின்ன ஓட்டை.”

பாத்திமுத்து சிரித்தாள். காளியாத்தாள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

“எனக்கு இன்னும் உன்மேல கோவந்தான்,” என்றாள்.

“இருக்கட்டுங்க்கா.”

சங்கு ஊதியது. ராமாமணி தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் ரீலுக்குப் போனாள்.