சிவப்பும் பச்சையும் தெரியாதவன் மாட்டிய கலர் லைட்டுகள்

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற சகோதரர்களே, நம் தொழிலில் பழுதான மிஷின் வந்தால் பிழைத்தோம், நன்றாக ஓடுகிற மிஷின் வந்தால் தொலைந்தோம். நன்றாக ஓடுகிறதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அதற்குள் லைட் மாட்டத்தான் வருகிறார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேம் ஆடுகிற கம்ப்யூட்டருக்கு இப்போது ஒரு பக்கம் கண்ணாடி வைத்துவிட்டார்கள். அதற்குள்ளே ஓரம் ஓரமாக எல்இடி ஸ்ட்ரிப், அதாவது பொடிப் பல்பு பதித்த பட்டை, ஒட்ட வேண்டும். அது சிவப்பாக எரிய வேண்டும், பச்சையாக ஓட வேண்டும், ஊதாவாக மூச்சு வாங்க வேண்டும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற என் கடைக்கு இந்த வேலை வந்திருக்காவிட்டால் எப்போதோ ஷட்டரை இறக்கியிருப்பேன். பிரிண்டருக்கு மை நிரப்ப வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் செல்போன் போதும் என்று ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள். கலர் லைட்டுதான் எனக்கு வாடகை கட்டுகிறது.

இதில் ஒரே ஒரு சிக்கல். எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. இரண்டும் ஒரே மாதிரி பழுப்பாகத்தான் தெரியும். ரயில்வே வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸாகி, கண் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி “இதில் என்ன எண்?” என்று கேட்டபோது, “எண்ணா, எங்கே சார்?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன் நான். கலர் சங்காத்தமே வேண்டாம் என்றுதான் கம்ப்யூட்டர் தொழிலுக்கு வந்தேன். அப்போது எல்லாப் பெட்டியும் கறுப்பாக இருந்தது. நிம்மதியாக இருந்தேன்.

இந்த ரகசியம் என் மனைவி கலாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும்போது கடுகளவு கறை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். கடவுள் எங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய மொத்தக் கண்பார்வையையும் அவளிடமே கொடுத்துவிட்டார். நான் எண்ணை வைத்துச் சமாளிக்கிறேன். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் உண்டு. சிவப்புக்கு 255, 0, 0. பச்சைக்கு 0, 255, 0. எண்ணைத் தட்டினால் நிறம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் போட்டோ எடுத்துக் கலாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவள் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், டீ நேரத்தில்தான் கையில் கிடைக்கும். அதனால் என் கடையில் எந்த லைட் வேலையும் அவள் டீ குடிக்கிற நேரத்தில்தான் முடியும். கலர் தெரியாதவன் கலர் லைட் மாட்டுகிறான் என்று ஊருக்குத் தெரிந்தால் அன்றைக்கே என் பிழைப்பு முடிந்தது. இந்தப் பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் கீழே சொல்கிற எல்லாவற்றையும் செய்தேன்.

பெட்டிக்குள்ளே வெளிச்சம்

மம்சாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர், காலேஜ் படிக்கிற மகனோடு வந்தார். மகன் ஆறு வகை ஸ்ட்ரிப்பை எடுத்து விரித்து, இது அலை மாதிரி ஓடுமா, இது பாட்டுக்குத் தகுந்த மாதிரி துடிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். தகப்பனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “லைட்டு போட்டா கம்ப்யூட்டர் வேகமா ஓடுமா?” என்றார். ஓடாது என்றேன். “கரண்டு மிச்சமாகுமா?” ஆகாது, கொஞ்சம் கூடத்தான் செலவாகும் என்றேன். “சூடு குறையுமா?” அதுவும் குறையாது.

நான் இந்த வியாபாரம் போச்சு என்றே நினைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லிக் கெட்டவன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஸ்ட்ரிப்பை எரியவிட்டுக் காட்டச் சொன்னார், கடை விளக்கை அணைக்கச் சொன்னார், அந்த வெளிச்சத்தில் தன் உள்ளங்கையை நீட்டி ரேகையைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்தபடியே சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. அப்ப அவன் ரூம்ல இருக்க டியூப் லைட்டக் கழத்தி மாட்டுத் தொழுவத்துல போட்டுறலாமுல்ல?”

மூன்று கால், நான்கு கால்

இந்த ஸ்ட்ரிப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றின் சொருகு முனையில் நாலு கால், பன்னிரண்டு வோல்ட். இன்னொன்றுக்கு மூன்று கால், ஐந்து வோல்ட். செய்தவன் எந்த ஜென்மத்து விரோதியோ, இரண்டையும் சொருகுகிற இடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். வ. புதுப்பட்டியிலிருந்து ஒருவர் ஆன்லைனில் ஸ்ட்ரிப் வாங்கி, தானே மாட்டிக்கொள்வோம் என்று மூன்று கால் உள்ளதை நாலு கால் இடத்தில் அழுத்திச் சொருகிவிட்டார். ஸ்ட்ரிப்பும் போய், மதர்போர்டும் போய், கருகின வாடையோடு என் கடைக்கு வந்து சேர்ந்தார். எது எங்கே போக வேண்டும் என்று அவருக்கு விளக்கப்போய், நடுவில் எனக்கே குழம்பி, பேப்பரில் படம் போட்டு, படத்தையும் தப்பாகப் போட்டேன்.

பக்கத்துக் கடை பாண்டி அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட், சீரியல் செட் கட்டுகிறவர். தெரு நீளத்துக்கு லைட் ஓடவிடுகிற ஆள், நான் ஒரு முழம் ஸ்ட்ரிப்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அவருக்கு என்னமோ மனக்கஷ்டம். வந்தவர் போனபிறகு என்னிடம் கேட்டார்: “ஏலே முருகேசா, என் சீரியல் செட்டுல ஒரு பல்பு போனா ஒரு வரிசை போவும். ஒன்னோடதுல ஒரு வரிசை போனா பெட்டியே போவுது. இதுல எதுலே முன்னேற்றம்?”

கிழமைக்கு ஒரு நிறம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீச்சரம்மா. மகன் ராத்திரி பகலாக கேம் ஆடுகிறான். நிறுத்த முடியவில்லை, ஆடுவதையாவது நல்லபடியாக ஆடட்டும் என்று ஜோசியரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார். கிழமைக்கு ஒரு நிறம் லைட் எரிய வேண்டும். ஞாயிறும் செவ்வாயும் சிவப்பு, திங்களும் வெள்ளியும் வெள்ளை, புதன் பச்சை, வியாழன் மஞ்சள், சனி கறுப்பு. கறுப்பு லைட்டை எப்படியம்மா எரிய வைப்பது என்று கேட்டேன். நீங்கதான் கம்ப்யூட்டர் படிச்சவங்க என்றார். சனிக்கிழமை அணைந்து கிடக்கும்படி செய்துவிட்டு, மற்ற ஆறு நாளுக்கும் எண்களைத் தட்டி, தானாக மாறும்படி வைத்துக் கொடுத்தேன். அன்றைக்குக் கலாவுக்கு ஓவர்டைம், போட்டோ அனுப்பிப் பயனில்லை. எண் சரியாக இருந்தால் நிறமும் சரியாகத்தானே இருக்கும் என்று தைரியமாக இருந்துவிட்டேன்.

அங்கேதான் எனக்குத் தெரியாத ஒரு கூத்து. சில மலிவு ஸ்ட்ரிப்பில் சிவப்பும் பச்சையும் உள்ளுக்குள்ளேயே இடம் மாறி இருக்கும். சிவப்பு எண்ணைத் தட்டினால் பச்சை எரியும். யார் வேண்டுமானாலும் பார்த்தவுடனே கண்டுபிடிக்கலாம், என்னைத் தவிர. செவ்வாய்க்கிழமை பச்சை எரிகிறது என்று டீச்சரம்மா போன் செய்தார். அப்டேட் ஆகும்மா, செத்த நேரம் பொறுங்க என்றேன். புதன்கிழமை சிவப்பு எரிகிறது என்றார். அதுவும் அப்டேட்தான் என்றேன். வியாழன் மஞ்சள் எலுமிச்சங்காய் மாதிரி இருந்ததாம், வெள்ளிக்கிழமை வெள்ளையில் நீலம் அடித்ததாம். ஞாயிற்றுக்கிழமை கலாவைக் கூட்டிப்போய் எண்ணை மாற்றிச் சரி செய்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது, உண்மையைச் சொல்லிவிட்டு வேலை பாருங்களேன் என்று கலா சொன்னாள். சொன்னால் யார் வருவார்கள் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். நியாயமான கோபம் இல்லை அது, பயம். ஏனென்றால் டீச்சரம்மா வாசல்வரை வந்து வழியனுப்பியபோது சொன்ன வார்த்தை காதிலேயே நின்றது: “தம்பி, இந்த ஒரு வாரத்துல நீங்க ஒரு தப்பும் பண்ணாத நாளு சனிக்கிழமை மட்டுந்தான்.”

கட்டுப் போட்ட பெட்டி

ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு பல்பும் தனித்தனிப் புள்ளியாகக் கண்ணைக் குத்துகிறது என்று ஒரு மில் சூப்பர்வைசர் குறைப்பட்டார். இதற்கென்று மேலே மூடுகிற பிளாஸ்டிக் பட்டை கிடைக்கும், வர ஒரு வாரம் ஆகும் என்றேன். அதுவரை பொறுக்க மாட்டேன் என்றார். கலாவிடம் சொன்னேன். அவள் வீட்டில் கிடந்த பேண்டேஜ் துணியை நாலாக மடித்து ஸ்ட்ரிப்மேல் ஒட்டிக் கொடுத்தாள். புள்ளியெல்லாம் மறைந்து, வெளிச்சம் பனி மாதிரி பரவியது. என்ன நிறத்தில் பரவியது என்பது எனக்குத் தெரியாவிட்டாலும் அழகாக இருந்தது என்பது தெரிந்தது.

பெட்டியைக் கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்து எரியவிட்டேன். கண்ணாடி வழியாக நாலு ஓரத்திலும் வெள்ளைக் கட்டு தெரிந்தது. சூப்பர்வைசருக்கு ரொம்பத் திருப்தி. அவருடைய அப்பா உள்ளே வந்தார், குனிந்து பார்த்தார், மகனை ஒன்றும் கேட்காமல் என்னிடம் அனுதாபமாகக் கேட்டார்: “ஏம்ப்பா, எங்கயும் கீழ விழுந்துருச்சா?”

எட்டுப் பெட்டி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெபராஜ் அண்ணாச்சி கேம் சென்டர் ஆரம்பித்தார். வெளிநாட்டு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் அதில்தான் போட்டிருந்தார். எதிரெதிராக நாலு நாலு கம்ப்யூட்டர். இரண்டு அணியாகப் பிரிந்து ஆட வசதியாக ஒரு வரிசைக்குச் சிவப்பு லைட், ஒரு வரிசைக்குப் பச்சை. “எனக்கென்ன தம்பி தெரியும், மருமகன் சென்னைல இருந்து சொன்னான். அதுபடி செஞ்சிருங்க” என்றார். நான் சாம்பிள் எரியவிட்டுக் காட்டியபோது லைட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை பிடித்திருந்தால் எட்டு மிஷினையும் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எனக்கே என்றார். அது கிடைத்தால் ஷட்டர் இறக்குகிற பயம் இல்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இந்தத் தடவை உஷாராக இருந்தேன். வாங்கிய ஸ்ட்ரிப்பில் ஒன்றை வீட்டில் எரியவிட்டுக் கலாவிடம் காட்டினேன். சிவப்பு எண்ணுக்குச் சிவப்பு, பச்சை எண்ணுக்குப் பச்சை என்று சொல்லிவிட்டாள். ஆனால் டீலர் பாதிதான் அனுப்பியிருந்தார். மீதி நாலு பெட்டிக்கு உண்டானது திறப்புவிழாவுக்கு முந்தின நாள்தான் வந்தது, அதுவும் வேறு கம்பெனி. ஒட்டி முடித்தேன். இடப்பக்கம் சிவப்பு எண், வலப்பக்கம் பச்சை எண். போட்டோ அனுப்பினேன். கலா ஷிப்டில் இருந்தாள். டீ நேரமும் தாண்டிப் போனது, பதில் இல்லை. மறுநாள் காலையில் போதகர் ஜெபம் பண்ண வருகிறார். கடைசியில் மெதுவாக, “எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்றேன். “நீங்க சொல்லுங்க” என்றார். “இல்ல, நீங்க சொல்லுங்க.” “நீங்கதான தம்பி மாட்டினது.” இப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “செவப்பு செவப்பா இருக்கு, பச்சை பச்சையா இருக்கு, அருமை” என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆமா அண்ணாச்சி, ரெண்டும் நல்லா எடுப்பா இருக்கு என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கலா வந்து நின்றாள். அன்றைக்கு டீக்குக்கூட விடவில்லையாம். ஷிப்ட் முடிந்து கேட்டில் போனை வாங்கிப் பார்த்தவள், பதில் எழுதிப் பிரயோஜனமில்லை என்று நேரே பஸ் ஏறிவிட்டிருக்கிறாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், இரண்டு வரிசையையும் பார்த்தாள். “ஏங்க, என்ன எட்டையும் செவப்பாவே போட்டு வச்சிருக்கீக?” என்றாள். வலப்பக்கம் ஒட்டிய புது ஸ்ட்ரிப்பில் நிறம் இடம் மாறி, பச்சை எண்ணுக்குச் சிவப்பு எரிந்திருக்கிறது. நான் தலையைத் தொங்கப் போட்டுவிட்டேன். வேலை போச்சு, மானம் போச்சு, நாளைக்கு இந்த ஊருக்கே தெரிந்துவிடும். அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணாச்சியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார். “தம்பி, வெளிய சொல்லிராதீக” என்றார். “எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாது. சின்னதுல இருந்தே அப்படித்தான். கறி வெந்திருச்சான்னுகூட அமுக்கித்தான் பாப்பேன். கேம் சென்டர் வச்சிருக்கவனுக்குக் கலர் தெரியாதுன்னா பயலுவ சிரிப்பானுவளேன்னு, நீங்க போட்டது சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்.”

என்னுடையதையும் சொன்னேன். ரயில்வே படத்தில் எண் தெரியாமல் திரும்பி வந்தது வரைக்கும் சொன்னேன். எத்தனையோ வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லைக் கீழே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. கலா வாசலில் நின்று ‘இப்ப பச்சை, இன்னும் இல்ல, ஆங் இப்ப பச்சை’ என்று சொல்லச் சொல்ல, நான் எண்ணை மாற்றிக்கொண்டே போனேன். அண்ணாச்சி அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “இனிமே இந்த எட்டுக்கும் நீங்க தனியா வராதீக தம்பி, தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க. நாம ரெண்டு பேரும் ஸ்குரூ முடுக்குவோம்.”

இப்போது கடை போர்டில் என் பெயருக்குப் பக்கத்தில் கலா பெயரும் ஏறிவிட்டது, பெயிண்டர் அதை என்ன கலரில் எழுதியிருக்கிறார் என்பதை மட்டும் டீ நேரத்தில் அவளுக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.