சர்க்கரை காய்ச்சும் ஊரில் என் மூத்தவள்

வெரிபீயில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா குளிக்கும்போது காலடியில் ஒரு வாளி வைத்துக்கொள்கிறார். உடம்பில் பட்டு விழும் தண்ணீரை அதில் பிடித்து, காலையில் இரண்டு கையாலும் தூக்கிவந்து ரோசாச் செடிகளுக்கு ஊற்றுகிறார். மெல்பேர்னில் சில வருடங்களாகச் சரியான மழை இல்லை. நாலு நிமிடத்துக்குள் குளித்து முடிக்கச் சொல்லி, குளியலறைச் சுவரில் ஒட்டிவைக்கச் சின்ன மணல் கடிகாரம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் வேலியோரம் நின்று, "உங்கள் ஊரிலும் இப்படித்தானா?" என்று கேட்டார். "இல்லை, அங்கே தண்ணீர் அளவுக்கு அதிகம்" என்றேன். "லக்கி யூ" என்றார். நான் இலங்கையைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். என் வாயில் வந்தது வேறு ஓர் ஊர். இந்தோனேசியாவில், யாவாத் தீவின் தென்கரையில், நாற்பது வீடுகள் மட்டுமே இருந்த ஒரு கிராமம். நான் அவரைத் திருத்தவில்லை.

அந்த ஊருக்கு நாங்கள் விரும்பிப் போனவர்கள் அல்ல. ஒன்பது வருடங்களுக்கு முன்பு, யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பு, சிங்கப்பூர், ஜகார்த்தா என்று வந்து சேர்ந்த என்னையும் என் கணவரையும், அவுஸ்திரேலியாவுக்குக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒரு வான் வண்டியில் ஏற்றினான். ஒரு பகல் முழுக்க ஓடிய வான் ஓர் ஆற்றங்கரையில் நின்றது. ஆற்றுக்குப் பாலம் இல்லை. மூங்கில் தெப்பத்தில் எங்களை அக்கரைக்கு அனுப்பிவிட்டு, "ஒரு கிழமைக்குள்ள கப்பல் வந்திடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வாரம் ஐந்து மாதமாயிற்று. போய் இறங்கும்போது நான் நாலு மாதக் கர்ப்பிணி.

எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் சார்த்தியும் கார்த்தோவும். அங்கே பெரியவர்களைப் பெயர் சொல்லி மட்டும் கூப்பிடுவதில்லை. அம்மா என்பதற்கு இபு, ஐயா என்பதற்குப் பாக். இபு சார்த்திக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். பாக் கார்த்தோ தினமும் காலையும் மாலையும் இருபது தென்னைகளில் ஏறி, பாளையிலிருந்து இறங்கும் பதநீரை மூங்கில் குழாய்களில் சேர்த்துக்கொண்டு வருவார். இபு அதைப் பெரிய இரும்புத் தாச்சியில் ஊற்றி, அது இறுகி நிறம் மாறும்வரை விறகு தள்ளிக்கொண்டிருப்பார். பிறகு மூங்கில் வளையங்களில் வார்த்துச் சர்க்கரைக் கட்டிகளாக்குவார். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இதுதான் தொழில். புகையில் எல்லாப் பெண்களுடைய கண்களும் எந்நேரமும் அழுது முடித்த கண்கள் மாதிரிச் சிவந்திருக்கும். வயல்கள் பச்சையாகத்தான் கிடந்தன; ஆனால் அவற்றின் சொந்தக்காரர்கள் பட்டணத்தில் இருந்தார்கள். நட்டவர்களுக்கு அறுவடையில் ஒரு பங்கு மட்டும். வருடத்தில் சில மாதம் சோற்றோடு மரவள்ளிக் கிழங்கைத் துருவிச் சேர்த்துத்தான் அவிப்பார்கள். சுற்றிவரத் தண்ணீர், குடிக்கக்கூடிய கிணறு ஒன்றே ஒன்று. மருத்துவ நிலையம் ஆற்றுக்கு அக்கரையில், மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரத் தூரத்தில். பள்ளிவாசலுக்குப் பின்னால், இறந்தவர்களைப் புதைக்கும் மையவாடியில் குட்டி மேடுகள்தான் அதிகம். இபு சார்த்தியுடைய பிள்ளைகளில் இருவர் அங்கே இருந்தார்கள். மூன்றாமவள் மலேசியாவுக்கு வீட்டுவேலைக்குப் போனவள்.

பாஷை தெரியாத எங்களுக்கு இடையில் சில சொற்கள் மட்டும் ஒத்துவந்தன. கப்பலுக்கு அவர்களும் கப்பல் என்றே சொன்னார்கள். வந்த மறுநாள் இபு என்னைப் பார்த்து, "சுவாமி? சுவாமி?" என்று கேட்டார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறேன் என்று கேட்கிறாராக்கும் என்று, பையிலிருந்த பிள்ளையார் படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் படத்தையும் வெளியே நின்ற என் கணவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் பாஷையில் சுவாமி என்றால் புருஷன். அந்த ஊரில் நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது.

பெண் பிள்ளை என்றால் மதி என்று பெயர் வைப்பதாக நாங்கள் முடிவு செய்திருந்தோம். என் கணவர் சுவரில் தொங்கிய கலண்டரில், பிள்ளை பிறக்கக்கூடிய கிழமைக்கு நேரே ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை எழுதிவைத்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட இபு ஒரு பின்னேரம் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். "மா... த்தி." முகம் மாறிப்போனது. "ஜங்கான், ஜங்கான்" என்றார். வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். கலண்டரை மறைத்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் இபு தரையில் படுத்து, கண்ணை மூடி, கைகளை நெஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். அவர்களுடைய பாஷையில் அந்தச் சொல் சாவைக் குறிக்கும். என் கணவர் அவரை வாசலுக்குக் கூட்டிப்போய், தென்னைகளுக்கு மேலே எழும்பியிருந்த நிலவைக் காட்டி, இதுதான் அந்தப் பெயர் என்று சைகையால் விளங்கப்படுத்தினார். இபு பெருமூச்சு விட்டு, "பூர்ணமா" என்றார். முழுநிலவுக்கு அங்கே அப்படித்தான் சொல். அன்றிலிருந்து அவர் என் வயிற்றைத் தொட்டு அந்தப் பெயரைத்தான் சொன்னார்.

மழைக்காலம் தொடங்கி மூன்றாவது கிழமை, நாள் கணக்குக்கு முன்னதாகவே எனக்கு வலி வந்தது. காலை நேரம். பாக் கார்த்தோ ஆற்றைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டு வருகிறது, இப்போது போனால் தெப்பம் அக்கரை சேரும், மத்தியானத்துக்குப் பிறகு சேராது என்று கையாலும் வாயாலும் சொன்னார். தெப்பக்காரரும் வந்துவிட்டார். நாலு பேர் என்னைத் தூக்கிப்போக ஒரு சாய்மனைக் கதிரையில் கம்பு கட்டினார்கள்.

என் கணவர் என்னருகில் குந்தியிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா பாஸ்போட் கேப்பாங்கள். பொலிசுக்குச் சொல்லிப் போடுவாங்கள். பிறகு நேரா கொழும்புதான்."

"இந்தக் கிழவி பிள்ளை எடுக்கிறதில கெட்டிக்காரியாம்" என்றேன் நான். ஊர் மருத்துவிச்சியைச் சொன்னேன்.

"அப்ப இஞ்சயே பாப்பமோ?"

"ஓம்" என்றேன்.

இதை எழுதும்போது இந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. பின்னாட்களில் எத்தனையோ பேரிடம், ஆறு பெருகியதால் போக முடியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறோம். ஆறு பெருகியது உண்மை. ஆனால் அந்தக் காலையில் அது கடக்கக்கூடிய ஆறாகத்தான் இருந்தது. அவர் கேட்டார், நான் ஓம் என்றேன். எங்களுக்காகக் கட்டிய கதிரையின் கயிறுகளைப் பாக் கார்த்தோ ஒவ்வொன்றாக அவிழ்த்தது எனக்கு இன்னும் தெரிகிறது. ஏன் மாட்டோம் என்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

பிள்ளை அன்று பின்னேரம் பிறந்தாள். அழுதாள். இபு அவளைத் துடைத்து என் நெஞ்சில் போட்டார். சின்ன உடம்பு, நிறைய முடி. அடுத்த நாள் பால் இழுக்கவில்லை. மூச்சு விடும்போது விலாவெலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்வந்தது. என் கணவர் அப்போது பொலிசை மறந்துவிட்டார். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். தெப்பத்தை இரண்டு தரம் இறக்கினார்கள். இரண்டு தரமும் தண்ணீர் அதைத் திருப்பிக் கரைக்கே தள்ளியது. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் இபுவின் மடியில் இருக்கும்போது மூச்சை விட்டாள். நான் கண்ணயர்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

எங்கள் வழக்கத்திலும் பச்சைப் பிள்ளைகளைப் புதைப்பதுதான். ஆனால் எங்கே? பள்ளிவாசல் பெரியவரிடம் பாக் கார்த்தோ போய்க் கேட்டார். பெரியவர் வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் பார்த்து, எல்லாப் பிள்ளைகளும் சுத்தமாகத்தான் பிறக்கிறார்கள், இவளுக்கு எங்கள் நிலத்தில் இடமுண்டு என்று சொன்னார். பெயர் இல்லாமல் புதைக்கக் கூடாதாம். இபுதான் சொன்னார், "பூர்ணமா."

புதைத்த பன்னிரண்டாம் நாள் விடிய, கப்பல் வந்திருப்பதாக ஆள் வந்து சொன்னான். அரை மணி நேரத்தில் வெளிக்கிட வேண்டும். ஐந்து மாதமாக அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்த நான், சட்டைகூட மாற்றாமல் அப்படியே இருந்தேன். "நான் வரேல்ல" என்றேன். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இபு என் சாமான்களைப் பையில் அடுக்கினார், ஒரு சர்க்கரைக் கட்டியை வாழை இலையில் சுற்றி உள்ளே வைத்தார், என் கையைப் பிடித்து எழுப்பினார். அந்த ஊரில் ஒரு சொல் உண்டு, தித்திப். ஒரு பொருளை இன்னொருவர் பொறுப்பில் விட்டுப் போகும்போது சொல்வது. சந்தைக்குப் போகிறவள் பக்கத்து வீட்டில் ஆட்டை விட்டுப் போகும்போது சொல்வாள். கடற்கரையில் அந்தச் சொல்லைத்தான் இபுவிடம் சொன்னேன். வேறு சொல் எனக்குத் தெரியாது.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. முகாம், விசாரணை, மூன்று வருடத் தற்காலிக விசா. அந்த விசாவில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. என் கணவருக்கும் எனக்கும் ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பொதி கட்டும் வேலை. அவர் ஒரு ஷிஃப்ட், நான் ஒரு ஷிஃப்ட். மகன் பிறந்தது இங்கே. பிரசவ வார்டில் தாதி என் விபரங்களை எழுதிக்கொண்டே, "முதல் பிள்ளையா?" என்று கேட்டாள். "இரண்டாவது" என்றேன். "மூத்தது இப்போது யாரோடு?" எனக்கு அப்போது கொஞ்ச ஆங்கிலம்தான். "இந்தோனேசியா. ஒரு அம்மா பார்க்கிறா" என்றேன். தாதி என் தோளைத் தட்டி, "தட்ஸ் லவ்லி, சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்றாள்.

சனிக்கிழமைகளில் கிளென் வேவர்லியில் நண்பர்கள் வீட்டில் கூடுவோம். எல்லோரும் தங்கள் ஊர்ப் பேச்சு பேசுவார்கள். யாருடைய வீட்டு வளவில் ஆமி முகாம் போட்டிருக்கிறது, யாருடைய கிணறு தூர்ந்தது, போன உயிர்கள் எத்தனை. அந்தத் துக்கத்தைப் பேச ஒரு கூட்டம் இருக்கிறது. என்னுடைய துக்கம் இருக்கும் ஊரின் பெயரை அங்கே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பேன்.

குடியுரிமை கிடைத்த அடுத்த வருடம், மகனை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போனோம். ஒரு பகல் முழுக்க ஒளிந்து போன பாதையில், நீலப் பாஸ்போட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்து போனோம். ஆற்றுக்கு இப்போது இரும்புப் பாலம் இருந்தது. வானை விட்டு இறங்கிப் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தேன். நடந்து கடக்க ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

பாக் கார்த்தோ இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு மழை ஈரத்தில் தென்னையிலிருந்து விழுந்துவிட்டார். அந்த ஊரில் ஆண்கள் அனேகமாக அப்படித்தான் போகிறார்கள். இபு சார்த்தியின் கண்களில் வெள்ளை படர்ந்திருந்தது. என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மெலிந்துவிட்டாய்" என்றார். அகராதி வைத்துப் படித்துப் போன பாஷையில், அடுப்பருகில் உட்கார்ந்து அவரிடம் அந்தக் காலையைச் சொன்னேன். பொலிசுக்குப் பயந்துதான் தெப்பத்தில் ஏறவில்லை, ஆற்றினால் அல்ல என்று. இபு கொஞ்ச நேரம் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கிழமை அக்கரை மருத்துவ நிலையத்தில் டாக்டர் இல்லை. தன் ஊருக்குப் போயிருந்தார். நீ போயிருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்பாய்" என்றார்.

அன்று பின்னேரம் என் கணவர் கேட்டார், "உண்மையா இருக்குமோ?"

"தெரியேல்ல."

"போற வழியில அந்த ஆஸ்பத்திரியில விசாரிச்சா, அந்த நேரம் ஆர் இருந்தவை எண்டு..."

"வேண்டாம்" என்றேன். அவரும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் காலை இபு எங்களை மையவாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, தடுமாறாமல் நடந்தார். அவருக்கு அந்த வழிக்குக் கண் தேவைப்படவில்லை. வெள்ளைப் பூ உதிர்க்கும் ஒரு மரத்தின் கீழ், ஆற்றங் கற்களால் வரம்பு கட்டிய ஒரு சின்ன மேடு. புல் இல்லை. பெருநாளுக்கு முன்னால் எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களுக்குப் பூப் போடும்போது இவளுக்கும் போடுவாராம். நான் மண்ணைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த மேட்டுக்கு இடப்புறம் பெரிய மேடு ஒன்று இருந்தது. அது பாக் கார்த்தோ என்றார் இபு. வலப்புறம் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு நிலம் வெறுமையாக இருந்தது. இபு குனிந்து, அங்கே முளைத்திருந்த இரண்டொரு பூண்டுகளைக் கையால் தடவிக் கண்டுபிடித்துப் பிடுங்கினார்.

"இது எனக்கு. பள்ளிவாசலில் சொல்லிவைத்துவிட்டேன். இவள் நடுவில் இருப்பாள். நீ பயப்படாதே" என்றார்.

நான் "தெரிமா காசி" என்றேன். நன்றி என்று அர்த்தம். எனக்கு ஒரு நாள் வெரிபீப் பக்கத்தில் எங்கேயோ நெருப்புக் கொடுப்பார்கள், மகன் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசுவான், சாம்பல் குளிர்ந்த கடலில் போகும். இவளுக்குப் பக்கத்தில் ஒரு தாய் படுத்திருப்பாள். அந்த வெறும் நிலத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இபு பூண்டு பிடுங்கிய இடத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கையை நன்றியோடு பார்த்தேனா, பொறாமையோடு பார்த்தேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.