ஃபேமிலி டே அன்று எடுத்த காது டெஸ்ட்

பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகளுக்கு நான் செய்ததை வேறு எந்த அப்பாவும் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் இரும்புத் தகட்டைக் கார் கதவாக அடிக்கும் பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. ஆளைத் தொட்டு, முகம் பார்த்து, கையால்தான் சொல்வோம். வருஷத்துக்கு ஒரு முறை எங்களுக்குக் காது டெஸ்ட் உண்டு. கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, பீப் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. டிவியோ மிக்ஸியோ ஓடும்போது ஏதாவது சொன்னால் விழிப்பாள். “இன்னா?” என்பாள். வகுப்பிலும் அப்படித்தான் என்று புகார் வந்தது. குடும்பத்தோடு கம்பெனியைச் சுற்றிப் பார்க்க விடும் ஃபேமிலி டே அன்று, அவளையும் அந்தக் கூண்டில் உட்காரவைக்கச் சொன்னேன். ஒரு பீப்பைக்கூட அவள் விடவில்லை.

“பாப்பாவுக்குப் பாம்புக் காதுண்ணே. உன் காதுதான் பாதி அவுட்டு” என்று கம்பெனி நர்ஸ் சிரித்தாள்.

காது நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் இது திமிர் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

“காது கேக்குதுல்ல? அப்பறம் இன்னாடி நடிப்பு?”

“கேக்குதுப்பா. இன்னா சொன்னன்னுதான் தெர்ல.”

உள்ளதை உள்ளபடி சொன்னாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று அறைந்தேன். இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு அவள் “இன்னா?” என்று கேட்பதையே விட்டுவிட்டாள். புரியாவிட்டாலும் தலையாட்டுவாள். திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர்தான் கவனித்தார். அமைதியான நேரத்தில் கேட்டால் பதில் வருகிறது, இரைச்சலில் கேட்டால் வருவதில்லை. சென்னையில் காது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே பீப்போடு விடவில்லை. கூட்ட இரைச்சலை ஓடவிட்டு நடுவில் வாக்கியங்களைச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் இரண்டு காதிலும் வேறு வேறு சொற்களைச் சொன்னார்கள். திருப்பிச் சொல்ல முடியாமல் அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“காதுல குறை இல்லைங்க. காது வாங்குறத மூளை பிரிச்சு எடுக்கத் திணறுது. பயிற்சி இருக்கு. வீட்ல டிவிய நிறுத்திட்டு, தொட்டுக் கூப்பிட்டு, முகத்தப் பாத்துப் பேசுங்க” என்றார் டெஸ்ட் எடுத்த அம்மா.

கம்பெனி லைனில் பக்கத்து ஆளுக்குத் தினமும் நான் செய்வது அதைத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் தோளைத் தொட்டேன். சட்டென்று குனிந்து, கையால் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். முகம் பார்த்து அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன்; அவள் எழுவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது.