எங்கிருந்தாலும் தகவல் மையத்துக்கு வரவும்

“சிவப்பு கவுன், காலில் கொலுசு, பெயர் கேட்டால் பாப்பா என்கிறது” என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாப்பா என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. தொலைந்து வருகிறவர்களுக்கென்று ஒரு டப்பாவில் பிஸ்கட் வைத்திருப்போம். தொலைத்தவர்கள்தான் அழுதுகொண்டு வருவார்கள். தொலைந்ததற்குப் பசிதான் இருக்கும்.

நாளெல்லாம் ஊருக்குக் கேட்கப் பேசிவிட்டு, வீட்டில் தொண்டை கட்டி உட்கார்ந்திருக்கும் தொழில் எங்களுடையது. பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் மைக் பிடிக்கிற சகோதரர்கள் இதற்குத் தலையாட்டுவார்கள். எனக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. நான் திருத்தணி மலைமேல், கோயில் தகவல் மையத்தில் இருக்கிறேன். சம்பளம் உண்டியலிலிருந்து வருகிறது, உத்தரவு அரசாங்கத்திலிருந்து. புதிதாக வந்த அதிகாரி அம்மா மைக்குக்கென்றே விதி எழுதி என் தலைக்கு மேல் ஒட்டியிருந்தார். கோயில் அறிவிப்பு, காணாமல் போனவர் அறிவிப்பு, இரண்டு மட்டும். காணாமல் போனவரைக் கூப்பிட ஆரம்பித்தால் ஆள் வரும்வரை கூப்பிட வேண்டும்.

ஜன்னலில் ஒருவர்

பாப்பாவை அதன் அம்மா தூக்கிக்கொண்டு போனதும், பின்னால் நின்றவர் ஜன்னலுக்கு வந்தார். பெயர் முனிரத்தினம். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறார். அவருடைய அக்கா புருஷன் ஜெகநாதன் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டதில் கப்பலைக் கடலில் எங்கேயோ நிறுத்திவிட்டார்கள். போன் போகவில்லை. கம்பெனியில் கேட்டால் காத்திருங்கள் என்கிறார்கள். அக்காவுக்கு இது நிறை மாசம், மலையேற முடியாது. சின்ன வயதில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அவள் தொலைந்துபோய், இதே மைக்கில் கூப்பிட்டுத்தான் கிடைத்தாளாம். அதனால் புருஷனையும் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு வரும்படி தம்பியை அனுப்பியிருக்கிறாள்.

மலைமேல் தொலைந்தவர்களைத்தான் கூப்பிட முடியும் என்று விளக்கினேன். விதியைக்கூடக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. படித்துப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“எங்கிருந்தாலும்னுதான சார் சொல்லிகினு இருக்கீங்க? எங்க பாவாவும் எங்கியோதான் இருக்காரு.”

காணாமல் போன வேட்பாளர்

அதே சமயத்தில் தேர்தலும் வந்தது. நடத்தை விதிக்குப் பயந்து, கல்வெட்டுகளில் இருந்த பெரிய மனிதர்களின் பெயர்களை எல்லாம் காகிதம் ஒட்டி மறைத்தோம். டியூப்லைட்டில் எழுதியிருந்த உபயதாரர் எந்தக் கட்சியோ என்று அதன்மேலும் ஒட்டியதில், பிரகாரத்தில் ஒரு பக்கம் இருட்டாகிவிட்டது.

வேட்புமனுவைச் சுவாமி பாதத்தில் வைத்து எடுக்க ஒரு வேட்பாளர் வந்தார். அவருடைய ஆள் ஒருவர் என்னிடம் ஓடிவந்து, அண்ணனை மைக்கில் வரவேற்கச் சொன்னார். தலைக்கு மேல் இருந்த விதியைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். அப்படியானால் அண்ணனைக் காணோம் என்று சொல்லுங்கள், பேரும் சின்னமும் அடையாளமாகச் சொன்னால் போதும் என்றார். அண்ணன் எங்கள் கண் முன்னால், கொடிமரத்தடியில் கும்பிட்டபடி நின்றிருந்தார். நான் முடியாது என்றேன். வரிசையில் நின்ற ஓர் அம்மாதான் அவருக்காகப் பரிந்து பேசினாள்.

“சொல்லேன் நைனா. போன தடவ ஜெயிச்சதுல இருந்து நாங்களும்தான் தேடிகினு இருக்கோம்.”

உலகத்துக்கு என்ன நட்சத்திரம்

சண்டை பெரிதானதும், உலக அமைதிக்காகச் சிறப்பு அர்ச்சனை செய்யும்படி மேலிடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். நான் தமிழிலும் தெலுங்கிலும் அறிவித்துவிட்டேன். குருக்கள் ஜன்னலுக்கு வந்தார். அர்ச்சனை என்றால் பெயரும் நட்சத்திரமும் வேண்டும். பெயர் உலகம், சரி. நட்சத்திரம்? அதிகாரி அம்மா மேலிடத்துக்குப் போன் செய்தார். மேலிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னது. நடை சாத்தும் நேரம் நெருங்கியும் பதில் வரவில்லை. சுவாமி பேருக்கே செய்துவிடலாம், உலகம் அவருடையதுதானே என்று குருக்களே முடிவெடுத்தார்.

அன்று முனிரத்தினமும் அர்ச்சனைத் தட்டோடு வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் குருக்களிடம் தட்டை நீட்டினார்.

“ஒலகம் பெருசு சாமி, அத பாக்க ஆளு இருக்குது. எங்க பாவாவுக்கு ரோகிணி, அத மட்டும் மறந்துடாதீங்க.”

ஒரு தடவை

அடுத்த கிருத்திகையன்று கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. முனிரத்தினம் ஜன்னலோரம் வந்து நின்றார். அக்காவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடி விதியைக் காட்டியிருப்பேன். சும்மா நிற்கிறவரிடம் எதைக் காட்டுவது?

சுவிட்சைப் போட்டேன். அம்மையார்குப்பம் ஜெகநாதன் எங்கிருந்தாலும் தகவல் மையத்துக்கு வரவும், உங்கள் மைத்துனர் முனிரத்தினம் காத்திருக்கிறார் என்றேன். பழக்கதோஷத்தில் தெலுங்கிலும் சொன்னேன். முனிரத்தினம் தன் போனை ஒலிபெருக்கிக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரத்தில் அதிகாரி அம்மா கூப்பிட்டனுப்பினார். நான் ஒப்பந்தத்தில் இருக்கிறவன். என்னை வீட்டுக்கு அனுப்ப ஒரு வரி போதும். யார் அந்த ஜெகநாதன் என்று கேட்டார். கப்பலையும் சண்டையையும் நிறை மாசத்தையும் சொல்லி முடித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்திட்டா எப்படிங்க? ஆள் வர்ற வரைக்கும் கூப்பிடணும்னு நான்தானே எழுதியிருக்கேன்.”

வந்தவர்

தினமும் காலைப் பூஜை முடிந்ததும் ஜெகநாதனைக் கூப்பிட்டேன். மலைமேல் இருக்கிறவர்கள் குளிக்க, சாப்பிட, மாலை கட்ட என்று அவரவர் வேலைக்கு அதையே மணியாக வைத்துக்கொண்டார்கள். பூக்கடைக்காரர்கள், ஜெகநாதன் வந்தாச்சா என்று என்னை வழிமறித்துக் கேட்டார்கள். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அப்புறம் கப்பலை வேறொரு துறைமுகத்துக்கு விட்ட செய்தி.

ஒரு காலை, வழக்கம்போல் கூப்பிட்டு முடித்து நிமிர்ந்தபோது, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கறுத்த மனிதர் ஒருவர் ஜன்னலில் நின்றிருந்தார். கூப்பிட்டீர்களாமே என்றார். யார் என்று நான் கேட்பதற்குள், கைக்குழந்தையோடு அவர் மனைவியும், அவள் பின்னால் முனிரத்தினமும் வந்து சேர்ந்தார்கள்.

“இவருதான் சார் எங்க பாவா. இத்தினி நாளு கூப்ட்டும் இப்பதான் காதுல வுழுந்துது.”

சாமிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் வேலை பார்ப்பதில் உள்ள ஒரே சௌகரியம், நல்லது நடந்தால் இரண்டு பேரில் யார் செய்தது என்று நம்மை யாரும் கேட்பதில்லை.

கிடைத்தவர்களை உட்காரவைக்கும் பெஞ்சில் ஜெகநாதனை உட்காரச் சொல்லி, டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்னத் தொடங்கினார்.