மூன்று நிமிடக்காரர்

எங்கள் பல்கலைக்கழகத் திரைவிழாவுக்குப் பத்தொன்பது வருடமாக வந்த எல்லாப் படங்களையும் பார்த்தவர், அரங்கில் படம் ஓட்டும் அண்ணன். ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காதவரும் அவரே. படத்தை அரங்கக் கணினியில் பிரதி எடுப்பார். தொடக்கத்தில் ஒரு நிமிடம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று ஓட்டிப் பார்த்து, அட்டையில் 'சரி' என்று எழுதுவார். 'மூணு நிமிஷம்' என்று அவருக்குப் பெயர் வைத்தது, வாசலில் டிக்கெட் கிழிக்கும் நான்தான். இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த வருடம் அவர் மகளின் படம் தேர்வாகியிருந்தது. படிப்பை விட்டுவிட்டுப் படமெடுக்கப் போகிறேன் என்று மூன்று வருடம் முன்பு சாப்பாட்டு மேசையில் சொன்னவளை, "வாயை மூடு" என்று அதட்டியிருந்தார். அன்று வீட்டைவிட்டுப் போனவள், இப்போதுதான் இரண்டு வரி அனுப்பினாள். "முழுசா உக்காந்து பாருங்கப்பா. அதுல உங்ககிட்ட ஒன்னு கேட்டிருக்கேன், பதில் சொன்னா வீட்டுக்கு வரேன்."

"இதையாவது முழுசா ஓட்டிப் பாத்துடுங்கண்ணா" என்றேன்.

"என் பொண்ணுன்னு தனிச் சலுகையா? அரங்கத்துல அவகூட உக்காந்துதான் முழுசா பாப்பேன்" என்று சிரித்தார். அதற்காகப் புதுச் சட்டை வேறு எடுத்திருந்தார் மனுஷன்.

விழாவன்று அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். படத்தில் பாதிக்குச் சற்று முன்பு ஒரு சாப்பாட்டு மேசை வந்தது. திரையில் அவளே நேராக நம்மைப் பார்த்துப் பேசினாள். வாய் அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஒன்பது நிமிடம்! பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அடித்துப் பிடித்து மாடியில் படம் ஓட்டும் அறைக்கு ஓடி எல்லா ஒலிக் குமிழையும் திருகினார். அவர் எடுத்த பிரதியிலேயே அந்த இடம் ஊமை, குமிழ் என்ன செய்யும்? அவர் சோதித்திருந்த நடு நிமிடம் வந்ததும் சத்தம் தானாகத் திரும்பியது.

படம் முடிந்ததும் அவள் மாடியேறி வந்தாள். "இங்கயும் என் வாயை மூடிட்டீங்க இல்லப்பா?"

"சத்தியமா இல்லம்மா. மூணு இடத்துல பாத்தேன்..."

"முழுசா பாக்கத்தானே சொன்னேன்?"

தான் கொண்டுவந்த மூலப் படத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். "அடியே, அவருக்கு ஒன்னும் தெரியாதுடி!"

"ஆமா அத்தை. எப்பவுமே தெரியாது" என்று பஸ் ஏறினாள்.

நல்ல பிரதி ஒன்று அனுப்பச் சொல்லி அவர் எத்தனையோ முறை எழுதிப் பார்த்தார். பதிலே இல்லை. இப்போது தினமும் மதியம் சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல் அந்த ஒன்பது நிமிடத்தையே ஓட்டுகிறார். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணா இப்படி உங்களையே வதைச்சுக்கிறீங்க?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உதட்டைப் பாத்துப் பாத்து 'அப்பா' மட்டும் புடிபட்டுச்சு. பதினோரு தடவை சொல்றா. கடைசியா ஏதோ கேக்குறா பாரு. என்னன்னு தெரிஞ்சாதானே நான் பதில் சொல்ல முடியும்?"