ராய்ஸின் உதடு

ஓக்லஹோமாவில் எங்கள் ஊர் ரோடியோ என்ற காளைச் சவாரிப் போட்டியின் வாசலில்தான் ராய்ஸ் டாக்கெட்டுக்கு கீழுதட்டுக்குள் அடக்கும் புகையிலையின் முதல் டப்பா கிடைத்தது, இலவசமாக. கம்பெனித் தொப்பி போட்ட பெண்கள் உள்ளே போகிறவர்கள் கையில் எல்லாம் திணித்தார்கள். அவனுக்குப் பதினாறு வயது. யாரும் வயது கேட்கவில்லை.

இருபத்திரண்டில் மாவட்டத்திலேயே பெரிய காளைச் சவாரிக்காரன் ஆனான். கம்பெனி ஏஜென்ட் தேடி வந்தார்.

"ஊர் ஊராப் போற செலவு எங்களுது தம்பி. போட்டோ எடுக்கும்போது கீழுதடு மட்டும் நல்லா உப்பியிருக்கணும்."

"அது எப்பவும் அப்படித்தான் சார் இருக்கு" என்று சிரித்தான் ராய்ஸ்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகையில் அவன் முகத்தை வீட்டுச் சுவர் அளவுக்கு வைத்தார்கள். அதன்பின் ஊர்ப் பையன்களின் ஜீன்ஸ் பின்பாக்கெட்டில் டப்பா உரசி வட்டமாக ஒரு வெளுத்த தடம் விழுந்தது. டப்பா வாங்க முடியாதவர்கள் ஜாம் பாட்டில் மூடியை வைத்துத் தேய்த்துத் தடம் உண்டாக்கினார்கள். தடம் இல்லாதவனைப் பார்த்து, "பால் குடிச்சிட்டு வந்தியாடா?" என்பார்கள்.

முப்பது வயதில் ராய்ஸின் ஈறில் ஆறாத புண். டாக்டர்கள் பாதித் தாடையையும் நாக்கில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பலகையில் வேறொருவன் முகம் ஏறிவிட்டது.

அவன் மனைவி நெல்டா ஏஜென்ட்டை ரோடியோ மைதானத்தில் பிடித்தாள்.

"அவர் மூஞ்சிய வச்சுதான வித்தீங்க? ஒரு எட்டு வந்து பாத்தீங்களா?"

"நாங்க யாருக்கும் வாயில ஊட்டி விடலையேம்மா."

அடுத்த வசந்தத்தில் பள்ளிக்கூடம் ராய்ஸைப் பேச அழைத்தது. அவன் குழறியதை நெல்டா வரி வரியாகத் திருப்பிச் சொன்னாள். தாடையை மறைத்திருந்த கழுத்துத் துணியை அவன் அவிழ்த்துக் காட்டியபோது ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பையன்கள் அசையவில்லை. புரிந்துவிட்டது என்று நினைத்தோம்.

முடிந்ததும் மேடைக்கு ஒருவன் வந்தான்.

"உங்க சவாரி எல்லாத்தையும் எங்கப்பா சொல்லியிருக்காருண்ணே. ஒரு கையெழுத்துப் போடுங்க."

நீட்டியது புகையிலை டப்பா.

ராய்ஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நெல்டா பிடுங்கி வீசினாள். "கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு? இவ்வளவு நேரம் என்னத்தடா பாத்த?"

பையனின் முகம் சிவந்தது. டப்பாவைத் தேடி எடுத்தான், பேண்ட்டில் துடைத்தான், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ராய்ஸ் அதன்பின் எங்கும் பேசப் போகவில்லை. ஒருமுறை மட்டும் என்னிடம், மெதுவாக, சொல் சொல்லாக, "அவனுக்கு என் வாய் தெரியல. பலகைதான் தெரிஞ்சுது" என்றான்.

அடுத்த பிப்ரவரியில் செத்துப்போனான். சவப்பெட்டி தூக்க அவனோடு சவாரி செய்த ஆறு பேர் வந்தார்கள். தூக்கும் முன் நாலு பேர் தேவாலயத்தின் பின்பக்கம் போய் வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு வந்தார்கள். நெல்டா ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள்.